ஒரு பூனைக்கு லுக்கீமியா பாசிட்டிவ், மற்ற நாலும் அதோட ஒரே தட்டில் சாப்பிட்டவை

கேள்வி, 12.06.2024, இரவு 9.40

சென்னை, மூணாவது மாடி ஃபிளாட். ஐந்து பூனை. ஏப்ரல்ல தெருவிலிருந்து வந்த கடுவனுக்கு (ஒன்றரை வயசு இருக்கும்) ஒரு வாரமா காய்ச்சல். இன்னைக்கு கிளினிக்கில் கிட் டெஸ்ட் எடுத்ததில் லுக்கீமியா வைரஸ் கோடு அழுத்தமா வந்திருக்கு. மற்றவை: ஆறு வயசுப் பெட்டை, மூணு வயசில் கூடப் பிறந்த ரெண்டு, நாலு மாசக் குட்டி. ரெண்டு மாசமா எல்லாம் ஒண்ணாத்தான் இருந்தாங்க. “ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்திருக்கும், பிரிச்சு வெச்சு பிரயோஜனம் இல்லை, இதை ஊசி போட்டுத் தூங்க வெச்சிடுங்க”ன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. அது சரியா?

12.06.2024, இரவு 11.15

சரியில்லை. ரெண்டு பாதியுமே தப்பு.

ஒரு கிட் ரிசல்ட்டை வெச்சு எந்தப் பூனையையும் தூங்க வைக்கக் கூடாது. இந்த வைரஸோட ரெண்டு மாசம் சேர்ந்திருந்த வளர்ந்த பூனை எல்லாத்துக்கும் நோய் நிலைச்சிடும்னும் இல்லை. வயசு கூடக் கூட எதிர்ப்பு கூடும். முழுப் பாதுகாப்பு கிடையாது, ஆனா ஆறு வயசுப் பெட்டையும் நாலு மாசக் குட்டியும் ஒரே நிலையில் இல்லை. நீங்க முதல்ல கவலைப்பட வேண்டியது குட்டியைப் பற்றி.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலைதான். கடுவனை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்க. அதுக்குன்னு ஒரு தண்ணிக் கிண்ணம், ஒரு தட்டு, கழிவுக்கு ஒரு மண் தட்டு, படுக்க ஒரு பழைய துண்டு. இன்னைய தேதியைக் காலண்டர்ல எழுதி வைங்க, பிறகு தேவைப்படும்.

13.06.2024, காலை 7.30

கிட் எதைப் பார்க்குதுன்னு தெரிஞ்சாத்தான் ரிப்போர்ட்டைப் படிக்க முடியும். அது ரத்தத்தில் சுத்துற பி27 என்ற வைரஸ் புரதத்தைத் தேடுது. எதிர்ப்புப் பொருளைத் தேடலை. அதனால தாய்ப்பால் வழியா வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியோட லுக்கீமியா ரிசல்ட்டைக் கெடுக்காது, எந்த வயசிலும் எடுக்கலாம். அதே கிட்டில் பக்கத்தில் இருக்கிற எஃப்ஐவி (பூனை எய்ட்ஸ் வைரஸ்) கோடு அப்படியில்லை, அது எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்குது. ஆறு மாசத்துக்குக் கீழே இருக்கிற குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ் வந்தா அது தாயோடதா இருக்கலாம், வயசு கூடினதும் மறுபடி பார்க்கணும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இப்ப ஒரு கணக்கு. ஆயிரம் பூனையில் 20-க்கு நிஜமாவே வைரஸ் இருக்குன்னு வெச்சுக்குவோம். கிட் நூற்றுக்கு 98 தடவை ‘இல்லை’ என்பதைச் சரியாச் சொல்லுதுன்னும் வெச்சுக்குவோம். மீதி 980-ல் சுமார் 20 பூனைக்குத் தப்பா பாசிட்டிவ் வரும். ஆக 40 பாசிட்டிவில் பாதி பொய். ஆரோக்கியமா, வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு வர்ற பாசிட்டிவை அதனாலதான் இன்னொரு முறையில் உறுதி செய்யணும்னு சொல்றது. காய்ச்சலோட தெருவிலிருந்து வந்த கடுவன் விஷயத்தில் அது பொய்யா இருக்கிற வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பிசிஆர் (வைரஸோட மரபணுவைத் தேடுற லேப் டெஸ்ட்) அனுப்புங்க. ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்கிற ரத்தம் போதும், அதிலேயே முழு ரத்த எண்ணிக்கையும் பார்த்துடலாம்.

மற்ற நாலுக்கும் இந்த வாரமே கிட் டெஸ்ட் எடுங்க. நெகட்டிவ் வந்தா 30 நாள் கழிச்சு மறுபடியும்.

13.06.2024, காலை 8.05

விட்டுப்போனது: ஃப்ரிட்ஜில் வெச்ச கிட்டை எடுத்த உடனே ரத்தம் விடக் கூடாது, அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். சொல்லப்பட்ட நிமிஷத்தில் படிக்கணும் (பல கிளினிக்கில் இருக்கிற கிட்டுக்கு 10 நிமிஷம்). ஒரு மணி நேரம் கழிச்சுத் தெரியுற கோடு கணக்கில் இல்லை. எச்சில், கண்ணீர் வெச்சுப் பார்க்கிறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, நம்ப முடியாது. ரத்தம்தான் வேணும்.

14.06.2024, மதியம் 2.20

“கதவைச் சாத்தினா போதுமா?” என்ற கேள்விக்கு.

கதவை விட முக்கியம் வேலை செய்யுற வரிசை. மற்ற பூனைகளுக்கு முதல்ல சோறு, தண்ணி, மண் தட்டு எல்லாம் முடிச்சிட்டு, கடைசியா கடுவன் அறைக்குப் போங்க. அங்கேயிருந்து வந்தா கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. மடியில் படுக்க வெச்சிருந்தா, முகத்தை நக்கிச்சுன்னா, மேல்சட்டையை மாத்துங்க. திரும்பி வந்து குட்டிக்கு ஊட்டுறது, மருந்து குடுக்கிறது வேண்டாம்.

எப்படிப் பரவுதுன்னு பார்த்தா ஏன் இந்த வரிசைன்னு புரியும். வைரஸ் அதிகமா இருக்கிறது எச்சிலில். மூக்குச் சளி, சிறுநீர், மலம், தாய்ப்பால் எல்லாத்திலும் வரும். ஒன்றை ஒன்று நக்கிவிடுறது, ஒரே கிண்ணத்தில் வாய் வைக்கிறது, கடிக்கிறது, தாயிடமிருந்து குட்டிக்கு, இதுதான் வழி. கடியில் ஒரே தடவையிலும் தொற்றலாம், மற்றபடி நாள்கணக்கான நெருக்கம் வேணும். கதவிடுக்கில் மூஞ்சி பார்த்துக்கிட்டதுக்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். ஆனா இடுக்கு வழியா கால் நீட்டி விளையாடும்னா கீழே ஒரு துணியைச் சுருட்டி அடைங்க.

ஐந்து பூனைக்கு ஐந்து தட்டு வெச்சாலும் ஐந்தும் ஒரே தட்டில் வாய் வைக்கும். அதனால தட்டை எப்பவும் கீழே விட்டு வைக்காம, ரெண்டு வேளை, 20 நிமிஷம், நீங்க நின்னு பார்த்துட்டு எடுத்துடுங்க. இப்போதைக்கு அந்த நாலையும்கூட ஒரே கூட்டம்னு நினைக்காதீங்க. ரிசல்ட் வரும் வரை குட்டியை மட்டுமாவது தனியா வைங்க. பெரிய நாய்க் கூண்டு போதும், அதில் மண் தட்டும் படுக்கையும் அடங்கணும்.

மண் தட்டு: பூனை எண்ணிக்கையோட ஒன்று கூட. மூணு இருக்கிற பக்கம் நாலு, ஒண்ணு இருக்கிற பக்கம் ரெண்டு.

பால்கனி: புறா வலை நைலான், பூனை கடிச்சா ரெண்டு நாளில் ஓட்டை. வெளிப் பூனை ஏறி வர்ற தளமா இருந்தா கம்பி வலைதான் போடணும். மொட்டைமாடிக்கு விடுறதை இன்னையோட நிறுத்துங்க, அஞ்சையும். கடுவன் வெளியே போனா தெருவில் பரப்பும், மற்றது வெளியே போனா புதுசா வாங்கிட்டு வரும்.

14.06.2024, மாலை 6.45

தரையைப் பற்றித் தனியாச் சொல்லணும். வைரஸுக்குப் பயந்து வீடு முழுக்க ஃபினாயிலும் டெட்டாலும் ஊத்துறது வைரஸை விட ஆபத்து. ஃபீனால் வகை மருந்துகளை உடைச்சு வெளியேத்தப் பூனையோட கல்லீரலுக்கு வராது. தரையில் நடந்து, பாதத்தை நக்கி, உள்ளே போயிடும்.

இந்த வைரஸ் வெளியில் ரொம்ப பலவீனம். மேலே கொழுப்பு உறை உள்ளது, காய்ஞ்ச இடத்தில் சில மணி நேரத்துக்கு மேல தாங்காது. பாத்திர சோப்பே அதை உடைச்சிடும். கூண்டு, மண் தட்டுக்கு வேணும்னா ப்ளீச், ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 மி.லி., பத்து நிமிஷம் விட்டு நல்லா அலசிக் காய வைங்க. மூத்திரம் இருக்கிற தட்டில் நேரா ப்ளீச் ஊத்தாதீங்க, அமோனியாவோட சேர்ந்து நச்சுவாயு வரும். முதல்ல தண்ணியில் அலசுங்க.

15.06.2024, காலை 6.50

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, 13-ம் தேதி ‘நெகட்டிவ் வந்தா 30 நாள் கழிச்சு’ன்னு எழுதினேன். எதிலிருந்து 30 நாள்னு சொல்லலை. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து இல்லை, கடைசியா ஒண்ணா இருந்த நாளிலிருந்து. உங்களுக்கு அது ஜூன் 12. நடுவில் ஒரு நாள் கதவு திறந்து கடுவன் வெளியே வந்து ஒரே கிண்ணத்தில் குடிச்சிட்டா கணக்கு அன்னையிலிருந்து மறுபடி ஒண்ணுன்னு ஆரம்பிக்கும். காலண்டர்ல எழுதச் சொன்னது இதுக்குத்தான். ஆறு வாரம் விட்டு எடுத்தா இன்னும் நல்லது.

ரெண்டு, தனித் தட்டு முக்கியம், தனி ஸ்க்ரப்பரும் தனி சோப்பும் தேவையில்லை. ஒருத்தர் இதுக்காகத் தனி சிங்க் கட்டலாமான்னு கேட்டிருக்கார். வேண்டாம்.

கேட்டவர், 17.06.2024

நாலுக்கும் எடுத்தாச்சு. ரெட்டையர் ரெண்டும் நெகட்டிவ். குட்டி நெகட்டிவ். பெட்டைக்கு மெல்லிசா ஒரு கோடு. டாக்டர் பாசிட்டிவ்னுதான் எடுத்துக்கணும்ங்கறார். அவ நல்லா சாப்பிடறா, ஓடறா. கடுவனோட பிசிஆரும் பாசிட்டிவ்.

17.06.2024, இரவு 10.00

மெல்லிசான கோடும் பாசிட்டிவ்தான், டாக்டர் சொன்னது சரி. ஆனா அது எந்த வகைப் பாசிட்டிவ் என்பது இன்னும் தெரியாது.

வைரஸ் உள்ளே போன பிறகு நடக்கிறது ஒரே மாதிரி இல்லை. சில பூனையில் உடம்பு ஆரம்பத்திலேயே முழுசா அடிச்சு விரட்டிடும், ரத்தத்தில் எதுவுமே தெரியாது, எதிர்ப்புப் பொருள் மட்டும் இருக்கும். சிலதில் கொஞ்ச காலம் ரத்தத்தில் சுத்தும், அப்புறம் எதிர்ப்பு சக்தி அதை அடக்கிடும். ஆனா அந்த நேரத்துக்குள்ள வைரஸ் தன் மரபுச் சரடைப் பூனையோட செல்லுக்குள்ளேயே சொருகி வெச்சிருக்கும். இது ரிக்ரெஸிவ், அடங்கிய தொற்று. கிட் நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ். எச்சிலில் வைரஸ் வராது, பொதுவா மற்றதுக்குப் பரப்பாது. மூணாவது ப்ரொக்ரெஸிவ், அடங்காதது. கிட்டும் பிசிஆரும் தொடர்ந்து பாசிட்டிவ், எலும்பு மஜ்ஜையில் பெருகிக்கிட்டே இருக்கும். நோயாப் போறதும் பரப்புறதும் இதுதான்.

ரத்தத்தில் சுத்துற கட்டம் 16 வாரம் வரைகூட நீளலாம். அதனால பெட்டைக்கு இப்ப தீர்ப்பு எழுத முடியாது. கடுவனுக்குமே ஒரு பிசிஆர் வெச்சு ப்ரொக்ரெஸிவ்னு சொல்ல முடியாது, ‘தொற்று நிஜம்’னு மட்டும்தான் சொல்லலாம். ரெண்டுக்கும் ஆறு வாரத்தில் ஒரு கிட், 16 வாரத்தில் ஒரு கிட்.

அதுவரை பெட்டையைக் கடுவனோட ஒரே அறையில் போட்டுடலாமேன்னு தோணும். போடாதீங்க. அவ உடம்பு அடக்கப் பார்க்கிற நேரத்தில் புதுசு புதுசா வைரஸ் உள்ளே போகக் கூடாது. அவளுக்குப் படுக்கையறை, கடுவனுக்கு இன்னொண்ணு, ரெட்டையருக்கு ஹால், குட்டிக்குக் கூண்டு. ஃபிளாட்டில் இது கஷ்டம்னு தெரியும். ஆனா இது காலம் முழுக்க இல்லை, வாரக்கணக்கு.

19.06.2024, காலை 9.10

பிரிக்கிறது நிஜமாவே பலன் தருமான்னு கேட்டவருக்கு. இந்த வைரஸைக் கண்டுபிடிச்சதே பல பூனை இருந்த ஒரு வீட்டால்தான். ஒரே வீட்டில் அடுத்தடுத்து லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வந்ததைக் கவனிச்சு, 1964-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் குழு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்துச் சொன்னது. 1973-ல் நியூயார்க்கில் வில்லியம் ஹார்டி ரத்தத்தில் கண்டுபிடிக்கிற டெஸ்டைக் கொண்டுவந்தார். 1985-ல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி. ஆனா ஊசி வர்றதுக்கு முன்னாடியே, எழுபதுகளில், நெதர்லாந்தில் டெஸ்ட் எடுத்துப் பிரிச்சே நோயை நல்லாக் குறைச்சிருக்காங்க. 2007-ல் ஸ்பெயினோட தொன்யானா காட்டில் ஐபீரிய லின்க்ஸுகளுக்கு (ஒரு காட்டுப்பூனை இனம்) இது பரவிப் பல செத்தப்பவும் செஞ்சது அதேதான்: பிடிச்சு டெஸ்ட், பாசிட்டிவைத் தனியாப் பிரி, நெகட்டிவுக்கு ஊசி. காட்டில் செய்ய முடிஞ்சிருக்கு. மூணு அறை ஃபிளாட்டில் முடியும்.

22.06.2024, மாலை 5.30

கடுவனைப் பார்த்துக்கிற விதம். ப்ரொக்ரெஸிவ்னு உறுதியானாலும் கண்டுபிடிச்ச பிறகு வாழ்ற காலத்தோட நடுமதிப்பு ரெண்டரை வருஷம். நடுமதிப்புன்னா பாதிப் பூனை அதைத் தாண்டியும் வாழுது. அந்தக் காலம் நல்லாப் போறதும் போகாததும் பெரும்பாலும் மற்ற தொற்றுகளை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறீங்க என்பதில் இருக்கு.

எடை: வாரம் ஒரு தடவை, ஒரே நாள், சாப்பாட்டுக்கு முன்னாடி. மனுஷங்க நிக்கிற தராசு 100 கிராமுக்கு ஏமாத்தும், குழந்தைத் தராசு வாங்குங்க. நாலு கிலோப் பூனை ஒரு மாசத்தில் 200 கிராம் குறைஞ்சா அது 5 சதவீதம், டாக்டரிடம் போகணும். பார்வைக்கு இளைச்சது தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே தராசு சொல்லிடும்.

ஈறு: தினமும் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ரோஸ் நிறம் வெளிறி வெள்ளையாகுதுன்னா ரத்தசோகை. இந்த நோயில் மஜ்ஜை அடங்கிப் போய் வர்ற ரத்தசோகைதான் அதிகம்.

மூச்சு: தூங்கும்போது 30 விநாடி எண்ணி ரெண்டால் பெருக்குங்க. 30-க்குள்ள இருக்கணும். இளம் பூனைக்கு நெஞ்சில் லிம்போமா வந்து நீர் கட்டினா முதல்ல தெரியறது இதில்தான். லிம்போமா வர்ற ஆபத்து இந்தப் பூனைகளுக்கு மற்றதை விடச் சுமார் 60 மடங்கு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அது அவசரம். இறுக்கிப் பிடிக்காம, துணியில் சுத்தாம, கூடையில் வெச்சு அப்படியே கொண்டுபோங்க.

காய்ச்சல்: 100.5-லிருந்து 102.5 டிகிரி வரை இயல்பு. 103-க்கு மேல போனா போன் பண்ணுங்க. காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் குடுக்கவே கூடாது, ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்னுடும்.

தெள்ளுப்பூச்சி: அது பரப்புற ரத்த ஒட்டுண்ணிக் கிருமியும் ரத்தசோகை தரும். இது வேற, மருந்தில் சரியாகும், அதனால வெளிறிப்போனா ‘லுக்கீமியாதானே’ன்னு விட்டுடாம அதையும் பார்க்கச் சொல்லுங்க. டாக்ஸிசைக்ளின் எழுதினா, மாத்திரைக்குப் பின்னாடியே 5–6 மி.லி. தண்ணியை சிரிஞ்சில் விடுங்க. உணவுக்குழாயில் ஒட்டிக்கிட்டா அங்கேயே புண்ணாகி, குழாய் சுருங்கிடும். நாய்க்கு விக்கிற பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனை மேல போடாதீங்க, வலிப்பு வரும்.

சாப்பாடு: பச்சை மீன், பச்சைக் கோழி வேண்டாம், எல்லாம் வேகவெச்சது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுற மீனும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையோட சிவப்பணுவை உடைக்கும், கழுவினா போகாது. ஏற்கெனவே ரத்தம் குறைஞ்ச பூனைக்கு அது ரெட்டை அடி. மத்தி, நெத்திலியைத் தனியா வேகவெச்சு முள் எடுத்துக் குடுங்க, ஆனா சோறும் மீனுமே முழு உணவில்லை, பூனைத் தீனி அடிப்படையா இருக்கட்டும்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை, ரத்த எண்ணிக்கை. உடம்பு தேறினதும் கருத்தடை, பாசிட்டிவ் பூனைக்கும் செய்யலாம், செய்யணும்.

23.06.2024, காலை 7.00

ஊசி. நம்ம ஊரில் வழக்கமாப் போடுற ‘மூணு நோய் ஊசி’யில் லுக்கீமியா கிடையாது. புத்தகத்தில் ஒட்டின லேபிளைப் படிங்க: பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி, அவ்வளவுதான். முதல் பெயரில் ‘லூக்கோ’ வர்றதால நிறையப் பேர் லுக்கீமியா ஊசி போட்டாச்சுன்னு நினைச்சுக்கறாங்க. அது வேற நோய். லுக்கீமியாவுக்கான தனி ஊசி உங்க டாக்டருக்குக் கிடைச்சா, எட்டு வாரத்துக்கு மேல, 3–4 வாரம் இடைவெளியில் ரெண்டு, ஒரு வருஷத்தில் ஒண்ணு. நெகட்டிவ் பூனைக்கு மட்டும். பாசிட்டிவுக்குப் போட்டுப் பயனில்லை. டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் ஊசி, அந்த ஊசியில் இருக்கிற புரதமே கொஞ்ச நாள் கிட்டில் கோடு காட்டலாம். ஊசி நூறு சதவீதம் காக்காது. போட்டுட்டோம்னு கதவைத் திறந்துடாதீங்க.

கேட்டவர், 26.07.2024

ஆறு வாரம் முடிஞ்சு எல்லாருக்கும் எடுத்தேன். ரெட்டையர் நெகட்டிவ். பெட்டை கிட்டில் நெகட்டிவ், பிசிஆர் பாசிட்டிவ். கடுவன் அதே அழுத்தமான கோடு. குட்டி பாசிட்டிவ். குட்டியை நினைச்சா தாங்கலை. கடுவனோடவே விட்டுடவா, துணையாவது இருக்கும்.

26.07.2024, இரவு 9.50

குட்டி விஷயம் வருத்தமா இருக்கு. நீங்க பிரிச்சது லேட்டாயிடுச்சுன்னு உங்களைக் குற்றம் சொல்லிக்காதீங்க. ஜூன் 12-க்கு முன்னாடியே உள்ளே போனதுதான் இப்பத் தெரியுது, அஞ்சு நாளுக்குள்ள எடுத்த நெகட்டிவ் அதைக் காட்டியிருக்காது.

துணையா விடலாம், ஆனா இன்னைக்கு இல்லை. குட்டிக்கு இது முதல் பாசிட்டிவ். சின்ன வயசில் அடங்குற வாய்ப்பு குறைவு, இல்லைன்னு இல்லை. பெட்டைக்குக் குடுத்த அவகாசத்தை இவனுக்கும் குடுங்க. பிசிஆர் அனுப்புங்க, அக்டோபர், நவம்பர் வரை தனியா. அப்பவும் கோடு நின்னா, கடுவனும் குட்டியும் ஒரே அறையில் சந்தோஷமா இருக்கட்டும். ரெண்டு பாசிட்டிவ் சேர்ந்து வாழ்றதில் தடையில்லை.

பெட்டை ரிக்ரெஸிவ் மாதிரி தெரியுது. 16 வாரக் கிட்டும் நெகட்டிவ்னா ரெட்டையரோட சேர்க்கலாம்.

27.07.2024, காலை 6.40

நேத்துக் கேட்க விட்டது: குட்டி கூண்டில் இருந்த ஆறு வாரமும் ரெட்டையர் கூண்டுக்கு வெளியே வந்து கம்பி வழியா மூக்கு உரசினாங்களா, நக்கினாங்களா? ஆமான்னா அவங்களோட 30 நாள் கணக்கு நேத்திலிருந்து புதுசா ஆரம்பிக்குது. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு டெஸ்ட். குட்டியைக் கூண்டோட வேற அறைக்கு மாத்துங்க.

கேட்டவர், 05.10.2024

கடுவன் பாசிட்டிவ். எடை 300 கிராம் ஏறியிருக்கு. பெட்டை கிட்டில் மறுபடி நெகட்டிவ், ரெட்டையரோட சேர்த்தாச்சு. ரெட்டையர் ஆகஸ்ட்லயும் நெகட்டிவ். குட்டிக்கு நவம்பர்ல எடுக்கணும்.

05.10.2024, இரவு 8.30

கடுவனுக்கு ஏறின 300 கிராம் நல்ல செய்தி.

பெட்டையோட ஃபைலில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ரெண்டு வரி எழுதி ஒட்டுங்க. ஒண்ணு, ‘லுக்கீமியா ரிக்ரெஸிவ், ஸ்டீராய்டு குடுக்கும் முன் யோசிக்கவும்’. அரிப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் நாள்பட நிக்கிற ஸ்டீராய்டு ஊசி சாதாரணமாப் போடுறாங்க, அடங்கிக் கிடக்கிற வைரஸ் எழுந்திருக்க அது ஒரு வழி. தவிர்க்க முடியாமக் குடுத்தா, பிறகு கிட் டெஸ்ட் எடுத்துட்டு ரெட்டையரோட விடுங்க. ரெண்டாவது, ‘ரத்த தானத்துக்கு ஆகாது’. எச்சிலில் பரப்பாத பூனையும் ரத்தம் ஏத்தினா பரப்பும். கிட்டில் மட்டும் பார்த்து தானப் பூனையைத் தேர்ந்தெடுத்தா இவ நெகட்டிவ்னு தெரிஞ்சு உள்ளே போயிடுவா, பிசிஆர் இருந்தாத்தான் தடுக்கும்.

அதே காரணத்தால், கடுவனுக்கு என்னைக்காவது ரத்தம் ஏத்த வேண்டி வந்தா இவகிட்டேயிருந்து எடுக்கச் சொல்லாதீங்க. ரெட்டையரில் ஒண்ணைக் கேட்கலாம், ஆனா முதல்ல ரத்த வகை. பூனையில் ஏ, பி ரெண்டு முக்கியம். பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. கடுவன், ரெட்டையர் மூணோட வகையையும் அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போதே பார்த்து எழுதி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஈறு வெளுத்துப் போய் நிக்கும்போது அதைத் தேட நேரம் இருக்காது.